எதுக்கு முழிச்சிருக்கணும்?

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி எழுதச் சொன்னாள். சொன்னாள் என்பதைவிட உத்தரவு போட்டாள் என்பதுதான் சரி.

நான் பால் லாரி ஓட்டுகிறேன். ஜூலையில் குளிரும் டிசம்பரில் கோடையும் வரும் இந்தத் தென்கோடி நாட்டில், ஹொகிடிகா என்ற சிற்றூரிலிருந்து ஆற்றை ஒட்டி மலைப்பக்கம் போகும் பள்ளத்தாக்கில் பண்ணை பண்ணையாக நிறுத்திப் பால் ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போவது வேலை. தொட்டியிலிருந்து குழாய் வழியாகப் பால் ஏறும் நேரத்தில் ஸ்டியரிங்கின் மேல் காகிதத்தை வைத்துத் தமிழில் கதை எழுதுவேன். பெட்ரி குடும்பத்துப் பண்ணையில் ஒரு நாள் அந்த வீட்டு மகள் டாம்சின் அதைப் பார்த்துவிட்டாள். சக்கர நாற்காலியில் கறவைக் கொட்டகை வாசலில் இருந்தாள். மடியில் ஒரு கன்றுக்குட்டியின் தலை. அது அவளுடைய சட்டைக் கையைச் சப்பிக்கொண்டிருந்தது.

"என்ன எழுதுற, கோ?"

என் பெயர் கோமதி. இந்த ஊர் அதைக் 'கோ' ஆக்கிவிட்டது. பழைய தமிழில் கோ என்றால் பசு என்று ஒருமுறை வாய் தவறிச் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் கூப்பிடும்போதெல்லாம் பின்னாலேயே ஒரு 'ம்மா' சேர்த்துக்கொள்வாள். என் காதில் அது வேறு மாதிரி விழும் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

"கதை எழுதுறேன்."

"யாரப் பத்தி?"

"இன்னும் முடிவு பண்ணல."

"அப்ப என்னப் பத்தி எழுது. நான் சாகப் போறேன், தெரியும்ல?"

தெரியும் என்றேன்.

"ஆனா தைரியசாலின்னு எழுதக் கூடாது. ஆஸ்பத்திரில எல்லாரும் அதான் சொன்னாங்க. நான் ஒரு டாக்டரக் கடிச்சிருக்கேன். அதையும் எழுது. கிரேவி வரணும்." கிரேவி என்பது அந்தக் கன்றுக்குட்டி. "அப்புறம் என் நர்ஸ் மெரியானா வரணும். அவள தேவதை ஆக்கிடாத. கடுப்பாயிடுவா."

இதுதான் தொடக்கம். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டாம்சின் இப்போது இல்லை. பிழைப்பாளா மாட்டாளா என்ற ஆவலில் உங்களைப் பக்கம் பக்கமாக இழுத்துக்கொண்டு போக எனக்கு விருப்பமில்லை. அது தெரிந்தபின்னும் படிக்க முடிகிறவர்கள் கூட வாருங்கள்.

2

மெரியானாவை எப்படி உள்ளே கொண்டுவருவது என்பதில் இரண்டு முறை சறுக்கினேன்.

முதல் தொடக்கம்: "மழைத் திரையை விலக்கிக்கொண்டு ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. இறங்கியவரின் முகத்தில் —"

(முகத்தில் ஒளி என்று எழுதப் போனேன். கையை எடுத்துவிட்டேன். கார் வெள்ளையும் இல்லை. சேறு நிறம்.)

இரண்டாவது: "மெரியானா பொஹாட்டு சிறு வயதிலேயே தம்பியைப் பறிகொடுத்தவர். அந்தக் காயம்தான் அவரை —"

(பொய். அவருக்குத் தம்பியே கிடையாது. பாலம் கட்டும் பொறியாளரிடம் உங்கள் வீட்டில் யார் ஆற்றில் மூழ்கினார்கள் என்று நாம் கேட்பதில்லை. நோயுற்ற குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் மட்டும் ஒரு பழைய துக்கத்தை ஏன் தேடுகிறோம்?)

மூன்றாவதை எழுதுவதற்கு முன்னால் முதல் இரண்டையும் அவரிடமே படித்துக் காட்டினேன். ஹொகிடிகா பெட்ரோல் பங்கில் ஆளுக்கொரு கறி பஃப்ஸை வைத்துக்கொண்டு அவருடைய கார் பானெட்டின் மேல் சாய்ந்து நின்றிருந்தோம். வரி வரியாக மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் மென்று முடித்தபின் கேட்டார்:

"இந்தப் பொம்பளைக்கு ரெக்கை எந்தப் பக்கத்துல முளைக்குது?"

"முளைக்காது. அந்த வரியெல்லாம் அடிச்சிட்டேன்."

"நல்லது. இங்க பாரு கோ, நான் பண்றது வேலை. கருணைன்னு எழுதிவெச்சீன்னா நாளைக்கு நாங்க சம்பள உயர்வு கேக்கறப்ப, தேவதைக்கு எதுக்குக் காசும்பாங்க. மார்ஃபின் எழுதுற கை இது. இந்தக் கைக்காக நான் வருஷக்கணக்காப் படிச்சிருக்கேன். அத எழுது."

எழுதுகிறேன். மெரியானா ஒரு நர்ஸ். ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்ததை எடுத்துக் கொடுக்கும் நர்ஸ் அல்ல. நர்ஸ் வேலைக்கு மேலே படித்து, பயிற்சி எடுத்து, தானே பரிசோதிக்கவும் தானே மருந்து எழுதவும் அளவை ஏற்றி இறக்கவும் சட்டப்படி உரிமை பெற்றவர். குணமாக்க முடியாத நோயுள்ள குழந்தைகள்தான் அவருடைய நோயாளிகள். குழந்தைகளுக்கான டாக்டர்கள் மலையைத் தாண்டி கிறைஸ்ட்சர்ச் நகரத்தில் இருக்கிறார்கள். நாங்கள் 'மலைக்கு அந்தப் பக்கம்' என்போம். கணவாயில் பனியோ மண்சரிவோ வந்தால் அந்தப் பக்கம் என்பது வேறு நாடு. வலி கணவாய் திறக்கும்வரை காத்திருக்காது. அதனால் மெரியானா இந்தப் பக்கம் வருகிறார். வீட்டுக்குள் உட்கார்ந்து முடிவெடுக்கிறார். எடுத்த முடிவுக்கு அவரே பொறுப்பு.

[ஓரக்குறிப்பு: டாம்சின் வீட்டில் நடந்தது எதையும் மெரியானா என்னிடம் சொன்னதில்லை. கேட்டுப் பார்த்தேன். "அவங்களக் கேளு" என்று பஃப்ஸின் மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டார். இதில் வருவதெல்லாம் டாம்சினும் அவளுடைய அப்பா லாக்லனும் அம்மா நைரியும் சொன்னது, நானே கண்ணால் பார்த்தது. நான் மொழிபெயர்த்துப் படிக்க, நைரி முழுவதையும் கேட்டுச் சம்மதித்தபின்தான் இது உங்கள் கைக்கு வருகிறது.]

3

நோய் டாம்சினின் காலெலும்பில் தொடங்கியது. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வருடத்துக்கு மேல் சிகிச்சை. நுரையீரலுக்குப் போய்விட்டது என்று தெரிந்ததும் ஜூலையில் வீட்டுக்கு அழைத்துவந்தார்கள். ஆகஸ்டில் கன்றுகள் பிறந்தன. அவள் கிரேவியைத் தேர்ந்தெடுத்தாள். பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் வெள்ளை.

லாக்லனை எழுதுவதற்கு முன்னால் ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். இங்கே ஆங்கிலத்தில் எல்லாரும் எல்லாரையும் 'யூ' என்ற ஒரே சொல்லால்தான் அழைக்கிறார்கள். பிரதமருக்கும் நாய்க்குட்டிக்கும் அந்த ஒரே சொல்தான். தமிழில் எனக்கு நீ, நீங்க என்று இரண்டு இருக்கிறது. லாக்லன் மெரியானாவிடம் பேசும்போது எதைப் போடுவது? முதல் சந்திப்பில் அவர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்ததாக நைரி சொன்னார். சமையலறையில் அவர் தொப்பியைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. அதனால் 'நீங்க' போடுகிறேன்.

"அவகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க" என்றார் லாக்லன்.

"நானா ஆரம்பிக்க மாட்டேன்" என்றார் மெரியானா. "ஆனா அவ எங்கிட்டக் கேட்டா பொய் சொல்ல மாட்டேன். இத இப்பவே சொல்லிடறேன். பின்னாடி ஏமாத்திட்டேன்னு நினைக்கக் கூடாது."

"கேக்க மாட்டா."

"சரி."

"கேக்கவே மாட்டா. எனக்கு என் பொண்ணத் தெரியும்."

நைரி தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கேட்பாள் என்று அவருக்குத் தெரியும்.

4

மெரியானா வலிக்கு மார்ஃபின் திரவம் எழுதிக் கொடுத்தார். ஊசி இல்லாத சின்ன சிரிஞ்சில் அளந்து வாயில் விட வேண்டும். அந்த வேலையை லாக்லன் எடுத்துக்கொண்டார். கறவை முடித்து வந்து, கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, ஜன்னல் வெளிச்சத்தில் அளப்பார். அவர் அளந்தது எழுதியிருந்ததில் பாதி.

இங்கே ஒரு பக்கத்தைக் கிழித்திருக்கிறேன். அதில் லாக்லன் ஒரு முரடர். பிடிவாதக்காரர், மகளின் வலி தெரியாதவர். எழுத வசதியாக இருந்தது. கோபம் தானாகவே வாக்கியம் போட்டுக்கொண்டு போனது. ஆனால் அடுத்த நாள் காலையில் அதே ஆளைப் பார்க்க வேண்டியிருந்தது. டாம்சினின் நாற்காலிச் சக்கரம் சேற்றில் புதையாமலிருக்க, வீட்டிலிருந்து கன்றுக் கொட்டகை வரைக்கும் மழையில் பலகை அடித்துக்கொண்டிருந்தார். நான் கிழித்தேன்.

பிறகு ஒருநாள் அவரே சொன்னார். "எங்க அப்பாவுக்குச் சாயங்காலம் மார்ஃபின் குடுத்தாங்க. காலைல போயிட்டார். நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். அந்தப் பாட்டிலத் தொடறப்பெல்லாம் அவர் முகம்தான் வரும். பாதி குடுத்தா அவ பாதிதான சாவான்னு எனக்கு ஒரு கணக்கு. கிறுக்குத்தனம்தான். ஆனா அப்ப அது கணக்காத்தான் இருந்துது."

டாம்சினுக்கு இது தெரியும். சிரிஞ்சில் கோடுகள் போட்டிருக்கின்றன, அவளுக்குப் படிக்கத் தெரியும். அப்பா வருத்தப்படுவார் என்று வலிக்கவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். மெரியானா கேட்டாலும் "பரவால்ல" என்பாள். ஆனால் போர்வை காலில் பட விடமாட்டாள். தாடையை இறுக்கிக்கொண்டே டிவி பார்ப்பாள். மெரியானா மருந்தலமாரியைத் திறந்து பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இருக்க வேண்டியதைவிட அதிகம் இருந்தது. பாட்டிலைத் திரும்ப வைத்துவிட்டு டாம்சினைத் தேடிக் கன்றுக் கொட்டகைக்குப் போனார்.

5

இதை எனக்குச் சொன்னவள் டாம்சின். அவள் சொன்ன வரிசையிலேயே தருகிறேன். அவள் குரல் எப்படி இருந்தது, மெரியானாவின் கண் கலங்கியதா என்றெல்லாம் எனக்குத் தெரியாது. கேட்டதற்கு டாம்சின், "நான் அவ கண்ணப் பாக்கல. கிரேவி அவ ஸ்டெதாஸ்கோப்ப மென்னுக்கிட்டிருந்துது" என்றாள்.

"அடுத்த குளிருக்கு கிரேவிய யாரு பாத்துப்பா?" என்று ஆரம்பித்திருக்கிறாள்.

மெரியானா ஈர வைக்கோலிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஏன் கேக்குற?"

"நான் செத்துடுவேனா?"

"உனக்கு என்ன தோணுது?"

"நான் ஒண்ணு கேட்டா நீ திருப்பிக் கேக்குற. டீச்சர் மாதிரி."

"சரி. தப்புதான். ஆமா டாம். இந்த நோயால நீ செத்துடுவ. அத நிறுத்துற மருந்து எங்க யார்கிட்டயும் இல்ல. தேடிப் பாத்தாச்சு."

"எப்போ?"

"நாள் சொல்லத் தெரியாது. இந்தக் கோடை முழுக்க நீ இருக்க மாட்டன்னு நினைக்கிறேன்."

டாம்சின் கொஞ்ச நேரம் கிரேவியின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "ரொம்ப வலிக்குமா?"

"வலிக்காமப் பாத்துக்கறதுதான் என் வேலை. அதுல நான் கெட்டிக்காரி. ஆனா நீ எங்கிட்டப் பொய் சொன்னா என் கெட்டிக்காரத்தனம் வேலைக்கு ஆகாது."

"அப்பா பாதிதான் குடுக்கறார்." அதைச் சொல்லிவிட்டு அழுதிருக்கிறாள். சாகப்போவதற்கு அழாதவள் அதற்கு அழுதாள். "நான் சொன்னேன்னு சொல்லாத."

"பாட்டிலப் பாத்தே எனக்குத் தெரிஞ்சுடுச்சு. உன்ன இழுக்க வேண்டியதில்ல. ஆனா இன்னிக்கே பேசணும். சும்மா இருக்க முடியாது."

"அப்பா உம்மேல கத்துவார்."

"கத்தட்டும்" என்றாராம் மெரியானா.

[ஓரக்குறிப்பு: இந்தப் பகுதியை வாசித்த நண்பர் ஒருவர், ஒன்பது வயதுக் குழந்தையிடம் இப்படிப் பட்டென்று சொல்லலாமா என்று கேட்டார். நான் டாம்சினைக் கேட்டிருந்தேன். "எனக்கு முன்னாடியே தெரியும் கோ. தெரியாத மாதிரி நடிக்கறதுதான் கஷ்டமா இருந்துது. இப்ப ஒரு வேலை மிச்சம்" என்றாள்.]

6

சமையலறையில் மெரியானா லாக்லனையும் நைரியையும் உட்கார வைத்து இரண்டையும் சொன்னார். 'டாம்சின் சாவைப் பற்றிக் கேட்டாள், நான் பதில் சொன்னேன்' என்பது ஒன்று. 'மருந்து பாதிதான் போகிறது, பாதி கொடுப்பது நிற்க வேண்டும்' என்பது இன்னொன்று.

லாக்லன் எழுந்து நின்றார். வீட்டுக்குள் அவர் குரலை உயர்த்தி நைரி கேட்டதே இல்லையாம்.

"வெளிய போ."

இங்கேதான் 'நீங்க' 'நீ' ஆனது. ஆங்கிலத்தில் சொல் மாறவில்லை. ஆனால் மாறியது என்று நைரி சத்தியம் செய்வார்.

"போறேன்" என்றார் மெரியானா. "கேட் வரைக்கும்தான் போவேன். அதுக்கு இந்தப் பக்கம் செல்போன்ல சிக்னல் கிடைக்காது. அங்க கார்ல இருப்பேன். கூப்பிட்டா வருவேன்."

"கூப்பிட மாட்டேன்."

அடுத்து நடந்ததை நான் பார்த்தேன். என் லாரி பண்ணை கேட்டுக்கு வந்தபோது சேறு நிறக் கார் வழியில் நின்றது. மெரியானா வாழைப்பழம் தின்றுகொண்டே போனில் யாரிடமோ மருந்துப் பெயர்கள் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் காரை ஓரமாக நகர்த்தினார்.

"ஏன் இங்க நிக்கறீங்க?"

"உள்ள இருந்து தொரத்திட்டாங்க."

"அப்ப ஊருக்குப் போகலையா?"

"தொரத்தினது அவரு. என் நோயாளி அவரில்ல" என்றார்.

உள்ளே போய்க் குழாயை மாட்டினேன். லாக்லன் கொட்டகையில் தண்ணீர் பீய்ச்சித் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். தரை ஏற்கெனவே சுத்தமாக இருந்தது. காலை வணக்கம் சொன்னேன். அவர் திரும்பவில்லை. பால் ஏறிக்கொண்டிருந்தபோது வீட்டுக் கதவு திறந்து நைரி கூப்பிட்டார். பெயரை மட்டும். லாக்லன் குழாயைக் கீழே போட்டார், தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு ஓடினார், வெளியே வந்தார், நான்கு சக்கர பைக்கில் ஏறி கேட்டை நோக்கிப் பறந்தார். நான் தண்ணீரை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு வண்டிகளும் திரும்பி வந்தன. கார் முன்னால், பைக் பின்னால்.

கேட்டில் அவர் சொன்னது இவ்வளவுதான் என்று பிறகு தெரிந்தது: "அவளுக்கு மூச்சு. வா."

'வாங்க' போட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. 'வா'தான். சமையலறையில் வந்த நீ வேறு, இது வேறு.

அறைக்குள் நடந்ததை லாக்லன் பிறகொரு நாள் என் லாரியின் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு சொன்னார். டாம்சின் உட்கார்ந்து தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாள். பயத்தில் கண்கள் பெரிதாகிவிட்டன. மெரியானா அவசரப்படவில்லை. முதுகுக்குத் தலையணை வைத்தார், ஜன்னலைத் திறந்தார், முகத்துக்கு நேராக மின்விசிறியைத் திருப்பினார். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். பிறகு சிரிஞ்சில் மருந்தை அளந்து லாக்லனிடம் நீட்டினார்.

"நீ குடு."

"என்னால முடியாது. நீயே குடு."

"குடுக்கலாம். நாளைக்கு நான் மலைக்கு அந்தப் பக்கம் இருப்பேன். நாளைக்கு யாரு குடுப்பா? நான் பக்கத்துலதான் இருக்கேன். கன்னத்துக்கு உள்பக்கமா விடு. மெதுவா."

கொடுத்தார். "குடுத்துட்டு அவ செத்துடுவான்னு பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன், கோ. என் கையாலயே."

கொஞ்ச நேரத்தில் டாம்சினின் தோள்கள் இறங்கின. மூச்சு நீண்டது. தாடை தளர்ந்தது. அந்தத் தாடை அத்தனை நாளாக இறுகியிருந்தது என்பதே தளர்ந்தபோதுதான் அவருக்குத் தெரிந்ததாம். டாம்சின் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள்.

"அப்பா, உம்மேல சாணி நாத்தம்."

லாக்லன் எழுந்து நடைக்கு வந்து சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். மெரியானா பின்னாலேயே வந்தார்.

"எங்க அப்பாவ…" என்று தொடங்கினார் லாக்லன்.

"உங்க அப்பாவ எனக்குத் தெரியாது. அதனால அவரப் பத்தி அடிச்சுச் சொல்ல மாட்டேன். நான் பாத்த வரைக்கும் பெரியவங்களுக்கு மருந்து ரொம்பத் தாமதமா வருது. வந்த மறுநாள் போயிட்டா பழி மருந்து மேல விழுது. ஆனா இந்த அளவு டாம்சினக் கொல்லாது. இது எனக்குத் தெரியும். தெரியாமக் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு பாதி அளக்கவில்லை.

7

அடுத்த முறை வந்தபோது மெரியானா டாம்சினிடம் ஒரு கேள்வி கேட்டார். நோயைப் பற்றிய கேள்வியே இல்லை.

"உனக்கு எதுக்கெல்லாம் முழிச்சிருக்கணும்?"

மருந்து ஏறினால் தூக்கம் வரும். தூங்காமலிருந்தால் வலி வரும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது, ஆனால் எங்கே போக வேண்டும் என்று தெரிந்தால்தான் அந்த வழியைப் போட முடியும். டாம்சின் யோசித்துச் சொன்னாள்: "கன்னுக்குட்டி நாளுக்கு. அப்புறம் காலைல கோ வர்றப்ப. மத்தபடி தூங்கினா பரவால்ல. கணக்குப் பாடத்துக்குக் கண்டிப்பாத் தூங்கணும்."

கன்றுக்குட்டி நாள் அக்டோபரில் பள்ளித் திடலில் நடக்கும். தாங்கள் வளர்த்த கன்றைப் பிள்ளைகள் கயிறு பிடித்து நடத்திக்காட்ட வேண்டும். மெரியானா மருந்துகளை மாற்றினார். மெல்ல வேலை செய்யும் மருந்து காலையும் மாலையும், திடலுக்குக் கிளம்பும் முன் கொடுக்க ஒரு சின்ன அளவு, குமட்டலுக்கு ஒன்று. மலைக்கு அந்தப் பக்கத்து டாக்டரிடம் பேசினார். ஊர் மருந்துக் கடையில் இருப்பு உண்டா என்று பார்த்தார். தலைமையாசிரியரிடம் போய், வழியில் மூச்சு முட்டினால் என்ன செய்ய வேண்டும், ஆம்புலன்ஸ்காரர்களிடம் என்ன சொல்ல வேண்டும், என்ன சொல்லக் கூடாது என்று விளக்கினார்.

இந்த இடத்தில் நான் எழுதிய வரைவில் டாம்சினுக்கு முதல் பரிசின் ரிப்பன் கிடைக்கிறது. மழை நின்று வெயில் வருகிறது. ஊரே —

(நான் படிக்கக் கேட்டுக்கொண்டிருந்த நைரி கையை உயர்த்தினார். "வெயிலா? நீயும் அங்கதான இருந்த?")

மழை கொட்டியது. திடல் சேறாகிவிட்டது. லாக்லன் நாற்காலியைத் தள்ள, டாம்சின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மஞ்சள் மழைக்கோட்டுக்குள் அவள் முகம் மட்டும் தெரிந்தது. நன்றாக விழித்திருந்தாள். பாதித் தூரத்தில் கிரேவி நின்றது, யோசித்தது, சேற்றில் படுத்துக்கொண்டது.

"எழுந்திரு" என்றாள். அது அசைபோட்டது. "கிரேவி, மானத்த வாங்காத." மற்றக் கன்றுகள் சுற்றிக்கொண்டு போயின. கடைசிவரை எழுந்திருக்கவில்லை.

நடுவர் ஒரு மாட்டுத் தரகர், நல்ல மனிதர். பரிசளிப்பில் பட்டியலில் இல்லாத ஊதா ரிப்பன் ஒன்றை எடுத்துக்கொண்டு டாம்சினிடம் வந்தார். கூட்டம் கை தட்டத் தயாரானது.

"இது எதுக்கு?" என்றாள்.

"உனக்கு… உன்னோட முயற்சிக்கு."

"அது படுத்துக்கிச்சு. படுத்த கன்னுக்கு யாராவது ரிப்பன் குடுப்பாங்களா?"

"இல்லம்மா, ஆனா நீ —"

"வேணாம். நாலாவதா வந்தவங்களுக்குக் குடுங்க. அவங்க கன்னு நடந்துச்சு."

நடுவர் லாக்லனைப் பார்த்தார். லாக்லனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தார். ஜூலைக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

மெரியானா கூட்டத்தின் பின்னால், தோளில் மருந்துப் பையும் கையில் ரொட்டியில் சுற்றிய சாசேஜுமாக நின்றார். பக்கத்திலிருந்த ஒரு பெண் அவரிடம், "நீங்க யாரோட அம்மா?" என்று கேட்டார்.

"யாரோட அம்மாவும் இல்ல. வேலையா வந்திருக்கேன்."

8

முடிவுகள்.

முதலாவதில் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு புதிய மருந்து வருகிறது. இதை எழுதியபோது எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் எழுதினேன், முழுசாக இரண்டு பக்கம். அந்த இரண்டு பக்கத்தில் அவள் பன்னிரண்டு வயதுவரை வளர்ந்தாள்.

இரண்டாவதில் ஜன்னலுக்கு வெளியே ஆறு ஓடுகிறது, ஒரு பறவை —

(வேண்டாம்.)

மூன்றாவது உண்மையானது. நைரி எனக்கு எல்லாவற்றையும் சொன்னார். அறையில் யார் எங்கே இருந்தார்கள், என்ன பாடினார்கள், டாம்சின் கடைசியாக என்ன கேட்டாள். நான் வீட்டுக்கு வந்து கை வலிக்க எழுதினேன். நான் எழுதியவற்றிலேயே அதுதான் நன்றாக வந்தது என்று நினைக்கிறேன். மறுநாள் நைரி போன் செய்தார்.

"கோ, அந்த ரூம எழுதாத."

"சரி."

"உங்கிட்டச் சொன்னேன், ஏன்னா நீ தினமும் வந்த. படிக்கறவங்க வரல. அவங்க மேல எனக்குக் கோவமில்ல. ஆனா அந்த ரூம் எங்களோடது."

"அழிச்சிடறேன்."

"மெரியானா பண்ணத மட்டும் சொல்லு. மத்தவங்களுக்கு அது உதவும்."

அதனால் இவ்வளவுதான் சொல்ல முடியும். அது வீட்டில் நடந்தது, கிறிஸ்துமஸுக்கு முன்னால். அவளுக்கு வலி இல்லை. கடைசி நாட்களில் வாயால் விழுங்க முடியாதபோது, தோலுக்கடியில் மெல்ல மருந்து செலுத்தும் சின்னப் பம்பை மெரியானா பொருத்தி, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று லாக்லனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். கணவாய் மூடியிருந்த நாளில் போனிலேயே அளவை மாற்றினார். முடிந்தபின் வந்தார். ஒரு வாரம் கழித்தும் வந்தார். அதற்குப் பிறகும் வருகிறார். அதுவும் வேலையில் சேர்த்தி என்கிறார்.

அழித்த பக்கங்களைக் கேட்காதீர்கள். என்னிடம் இல்லை.

9

இதற்கு மேல் கதை வேண்டியதில்லை என்று நினைத்துத்தான் பேனாவை மூடினேன். மார்ச்சில் ஒரு காலை பெட்ரி பண்ணைக்குப் போனபோது மெரியானாவும் லாக்லனும் கொட்டகை வாசலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் குழாயை மாட்டிக்கொண்டிருந்தேன். மறைவாகக் கேட்கவில்லை, அவர்களும் மறைக்கவில்லை.

"வடக்கால ஒரு குடும்பம்" என்றார் மெரியானா. "பேரு சொல்ல மாட்டேன். அந்த அப்பாவுக்கு மார்ஃபின்னா பயம். நான் சொல்றதக் கேக்கறார். தலையாட்டறார். ஆனா கை வர மாட்டேங்குது. ஏற்கெனவே இதச் செஞ்ச ஒரு அப்பாகிட்டப் பேசறீங்களான்னு கேட்டேன். சரின்னுட்டார். உன்னால முடியுமா? முடியலைன்னா முடியலைன்னு சொல்லு. நான் வேற வழி பாத்துப்பேன்."

லாக்லன் மாடுகள் பக்கம் திரும்பிக்கொண்டார். தெரியாதவர்களிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். போனில் பேசுவதைக்கூட நைரியிடம் தள்ளிவிடுகிறவர்.

"என்ன சொல்லணும்?"

"அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் நான் அவர்கிட்டச் சொல்லிட்டேன். மிச்சம் உங்கிட்டதான் இருக்கு."

லாக்லன் கொட்டகைக்குள் போனார். அங்கே சுவரில் ஒரு போன் உண்டு. கறவை நேரத்தில் எப்போதும் அலறும் ரேடியோவை நிறுத்தினார். கையை முழங்கைவரை கழுவினார், துடைத்தார். மெரியானா எழுதிக் கொடுத்த எண்ணை அழுத்தினார். மெரியானா உள்ளே போகவில்லை. வெளியே நின்று கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள்.

"ஹலோ" என்றார் லாக்லன். தொண்டையைச் செருமினார். "என் பேரு லாக்லன். இங்க பால் பண்ணை. எனக்கு ஒரு பொண்ணு."

ஆங்கிலத்தில் இந்தக் கடைசி வாக்கியம் வினைச்சொல் இல்லாமல் நிற்காது. இருக்கிறாள் என்றோ இருந்தாள் என்றோ சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் ஒன்றைச் சொன்னார். எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்றும் தெரியும். தமிழ் எனக்கு அந்தச் சொல்லை எழுதாமலிருக்க இடம் கொடுக்கிறது, எழுதாமல் விடுகிறேன். அதன்பிறகு அவர் பேசியது என் பம்பின் சத்தத்தில் கேட்கவில்லை. நெடுநேரம் பேசினார். நான் பார்த்துக்கொண்டிருந்த வரையில் போனைக் கீழே வைக்கவில்லை.

போனின் மறுமுனையில் ஒரு அப்பா பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். லாக்லன் முதலில் என்ன சொல்லியிருப்பார்? நீங்கள் சொல்லுங்கள். அவசரமில்லாமல், பொய் இல்லாமல்.